கறுப்பு வண்டியும் ஒரு பேணி மெழுகும்

யாழ்ப்பாணத்துக்குச் செல்பவர்கள் நல்லூரைத் தரிசிப்பார்கள். கோட்டையைச் சுற்றிப் பார்ப்பார்கள். கசூரினாக் கடற்கரையிற் குளிப்பார்கள். திரும்பும்போது பனங்கட்டியும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் கட்டிக்கொண்டு வருவார்கள். சென்ற ஆனி மாதத்தில் நாமும் அங்கே சென்றோம். ஆனால், நாம் பார்க்கச் சென்றது வேறொன்று. முதியவர் ஒருவர் தமது வீட்டு முற்றத்தில் தமது மோட்டார் வண்டியைக் கழுவி மெழுகு பூசுவதைப் பார்க்கவே சென்றோம். இதற்காகவா 400 கிலோமீற்றர் பயணம் என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். கொழும்பைவிட்டுப் புறப்பட்டபோது எமக்கும் உள்ளூரச் சிறிது நகைப்பு இருந்தது. திரும்பியபோது அது இருக்கவில்லை.

பழைய வண்டிகளின் ஊர்

குடாநாட்டின் ஒழுங்கைகளில் இன்றைக்கும் சில வேளைகளில் முதுகு வளைந்த, கண் பெருத்த பழைய ஆங்கிலேய வண்டியொன்று எதிர்ப்படும். அது ஒஸ்ரினாக இருக்கும்; அல்லது மொறிஸாக இருக்கும். மொறிஸ் மைனர் உலகுக்கு அறிமுகமானது 1948இல். ஒஸ்ரின் ஏ40 வகையில் 'சோமர்செட்' என்னும் வண்டி, பேர்மிங்காம் நகரையடுத்த லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்டது. பிறந்த நாட்டிலேயே இவற்றிற் பெரும்பாலானவை பழைய இரும்பாய்ப் போய்விட்டன. இங்கே மாத்திரம் இவை பிழைத்திருப்பானேன்?

ஆசை ஒரு காரணம். அவசியம் அதனிலும் பெரிய காரணம். 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மோட்டார் வண்டிகளின் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இன் பின்னர் கட்டு தளர்ந்தது. ஆனால், 1990இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடையும் வந்தபோது, குடாநாட்டார்க்குப் புதிய வண்டி கனவாயிற்று, பெற்றோலும் அரிதாயிற்று. அக்காலத்திற் சாரதிகள் சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு இயந்திரத்தை உசுப்பி, பின்னர் மண்ணெண்ணெயிலே ஓட்டினார்கள். பழைய இயந்திரங்களின் அமுக்கம் குறைவாதலால் அவை அந்தக் கசப்பையும் குடித்துக்கொண்டு ஓடின. 2002இல் ஏ9 பாதை திறந்தது, 2006இல் மூடியது, 2009இற் போர் முடிந்தது. இத்தனைக்கும் இடையிற் புதியதை வாங்க வழியில்லாதவர்கள் இருப்பதைப் பேணக் கற்றுக்கொண்டார்கள். 2020 மார்ச்சில் நாடு முழுவதற்குமே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்வைந்து ஆண்டுகளில் நம்மிற் பலர் புதிதாய்க் கற்ற பாடத்தை யாழ்ப்பாணத்தார் முன்னரே படித்து முடித்திருந்தனர்.

நாம் காணச் சென்ற பெரியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரார்க்கு அவர் 'மாஸ்ரர்'. பருத்தித்துறைக்கு அண்மையில், வடமராட்சி ஊரொன்றில் வசிக்கிறார். அவருடைய தந்தையார் வாங்கிய கறுப்பு நிறச் சோமர்செட் வண்டி இன்றும் அவருடைய கொட்டகையில் நிற்கிறது. அந்த வாரத்திற் பேத்தியின் கலியாணம். மணமகள் அந்த வண்டியிலேதான் கோயிலுக்குப் போகவேண்டும் என்பது வீட்டாரின் தீர்மானம். "வண்டியை ஆயத்தப்படுத்துகிற நாளில் வாருங்கோ" என்று நண்பர் ஒருவர் மூலம் எமக்குச் சொல்லியனுப்பியிருந்தார்.

செம்மண்ணிலிருந்து கடற்கரைக்கு

யாழ். நகரிலிருந்து பருத்தித்துறை வீதியிற் சென்றால் இருபாலை, கோப்பாய், நீர்வேலி என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வரும். அங்கே நிலம் சிவப்பு. நீர்வேலி வாழைத்தோட்டங்களின் அடியில் மண் குங்குமம்போற் கிடக்கும். சோளகக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் அந்தக் குங்குமமே புழுதியாய் எழுந்து, வீதியிற் செல்லும் எல்லாவற்றிலும் படியும். புத்தூரைத் தாண்டி வல்லை வெளிக்கு வந்ததும் காட்சி மாறிவிடுகிறது. மரங்கள் விலகுகின்றன, கடனீரேரி விரிகிறது, காற்றில் உப்பு கரிக்கிறது. அப்பால் நெல்லியடி, மந்திகை. பின்னர் கடல்.

சோளகம் புழுதியைக் கொண்டுவரும். வாடை உப்பைக் கொண்டுவரும். புழுதி பூச்சைக் கீறும். உப்பு தகரத்தைத் தின்னும். ஆண்டு முழுவதும் இவ்விரண்டு காற்றுகளுக்கும் இடையில் நிற்கும் வண்டியைக் கழுவுவது இங்கே அலங்காரமன்று. அதன் ஆயுளைக் காக்கும் காரியம் என்பது அந்த வீதியிற் சென்றபோதே எமக்குப் புலப்பட்டது.

கிணற்று நீரின் சங்கதி

விடியுமுன் ஐந்தரை மணிக்கே மாஸ்ரர் முற்றத்தில் இருந்தார். உடுத்த சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றித் திண்ணையில் வைத்திருந்தார். "மோதிரத்தோடை தொட்டால் கீறு விழும்" என்றார். வேப்பமர நிழலில் வண்டி நின்றது. பக்கத்தில் இரண்டு வாளிகள். சற்றுத் தள்ளி, துணியால் மூடிய மூன்றாவது வாளி ஒன்றும் இருந்தது.

அந்த மூன்றாவது வாளியின் கதை குடாநாட்டின் கதையே ஆகும். இங்கே வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. புத்தூரையடுத்த நிலாவரைக் கேணியில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைப் பலரும் அறிவர். ஆகவே, கிணற்று நீர் எவ்வளவு தெளிவாய் இருந்தாலும் அதிற் சுண்ணாம்பு கரைந்திருக்கும். அந்த நீர்த்துளி வெயிலில் உலர்ந்தால் நீர் போய்விடும். சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளியாய் நின்றுவிடும். கறுப்பு வண்டியில் அது அம்மைத் தழும்புபோலத் தெரியும்; நாளானால் பூச்சையும் அரிக்கும்.

இதனால் மாஸ்ரர் கழுவுவது கிணற்று நீரில். கடைசி அலசலுக்கு மாத்திரம் மழைநீர். ஐப்பசி, கார்த்திகை மழையிற் கூரையிலிருந்து பிடித்து, மூடிய தாங்கியிற் சேமித்து வைத்த நீர் அது. அவருடைய மனைவியார் குசினி வாசலில் நின்றபடி எம்மிடம் முறையிட்டார்: "எனக்குத் தேத்தண்ணி வைக்கக்கூடத் தராத தண்ணி தம்பி, அது!"

கழுவும் முறை

முதலில் வெறும் நீரை மேலிருந்து கீழே வார்த்தார். துணி தொடுமுன் மணல் போகவேண்டும். மணலோடு தேய்த்தால் அது கழுவுவதன்று, அரைப்பது. பின்னர் முதல் வாளியில் வண்டி கழுவுவதற்கென்றே விற்கும் சவர்க்கார நீர். இரண்டாவது வாளியில் வெறும் நீர். துணியைச் சவர்க்கார நீரில் தோய்த்து ஒரு பகுதியைத் துடைத்ததும், வெறும் நீரில் அலசிய பின்னரே மறுபடி சவர்க்காரத்திற் தோய்க்க வேண்டும். இல்லையேல் வண்டியில் இருந்து எடுத்த மணலை வண்டிக்கே திருப்பிக் கொடுத்தவர்களாவோம்.

கூரை முதலில், சில்லுகள் கடைசியில். சில்லுக்குத் துணி வேறு. உடலுக்குத் துணி வேறு. கை வட்டமாய்ச் சுழலாமல் முன்னும் பின்னுமாய் நேராய் ஓடியது. துணி துவைக்கும் சவர்க்காரமும் பாத்திரம் கழுவும் திரவமும் ஏன் ஆகாவென்று கேட்டோம். அவை அழுக்கோடு மெழுகையும் கழற்றிவிடும் என்றார். தேங்காயெண்ணெய் தடவி மினுக்கும் பழைய வழக்கத்தையும் அவர் ஏற்பதில்லை. அது ஒரு பொழுதுக்குப் பளபளக்கும். மறு பொழுதில் ஊர்ப்புழுதி முழுவதையும் அழைத்து உட்காரவைக்கும்.

பின்னர் மட்காட்டுகளின் உட்புறத்திலும் வண்டியின் அடியிலும் நெடுநேரம் நீர் பாய்ச்சினார். எவரும் பாராத இடம் அது. உப்பு முதலிற் தேடும் இடமும் அதுவே. இறுதியில் மழைநீரை வார்த்து, பிழிந்த மென்தோலினால் ஈரத்தை ஒற்றி எடுத்தார். வெயில் வேலிக்கு மேலே வந்தபோது வண்டியில் ஒரு துளியும் மிஞ்சவில்லை.

அப்போதுதான் வண்டியை நாம் நன்றாய்ப் பார்த்தோம். அது அழகாய் இருந்தது. ஆனால், புதிதாய் இருக்கவில்லை. கூரையிற் கறுப்பு சற்று மங்கியிருந்தது. பொனற்றின் நடுவரம்பில், கட்டைவிரல் அகலத்தில், சாம்பல் நிறம் எட்டிப்பார்த்தது. சென்ற ஆண்டு ஒரு கழுவுமிடத்தில், சுழலும் இயந்திரத்தை அவ்விடத்திற் சற்று அதிகநேரம் பிடித்துவிட்டார்களாம்; மேற்பூச்சு கரைந்து அடிப்பூச்சு வெளிப்பட்டுவிட்டது. அன்றுமுதல் மாஸ்ரர் வண்டியைப் பிறர் கையிற் கொடுப்பதில்லை.

இயந்திரத்தோடு வந்தவர்

எட்டு மணிக்கு மாஸ்ரரின் தம்பி மகன் எழுந்து வந்தார். கலியாணத்துக்கென்று ரொறன்ரோவிலிருந்து வந்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் மின்சாரத்தாற் சுழலும் மெருகு இயந்திரம் ஒன்று இருந்தது. வண்டிக்காகவே விமானத்திற் கொண்டுவந்திருக்கிறார்.

"பெரியப்பா, ஒரு மணித்தியாலம் விடுங்கோ. கண்ணாடி மாதிரி ஆக்கித் தாறன்" என்றார். பின்னர் எம்மிடம் திரும்பித் தமது நீண்டகால எண்ணத்தையும் சொன்னார். பழைய பூச்சு முழுவதையும் தகரம் தெரியச் சுரண்டி எடுத்து, துரு தடுக்கும் பூச்சிட்டு, இக்காலத்துப் பூச்சு அடித்து, அதன்மேல் நிறமற்ற கிளியர் கோட் இடவேண்டும். செலவு முழுவதும் தம்முடையது. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. புதிய பூச்சு கடினமானது. வெயிலுக்கும் உப்புக்கும் நன்றாய்த் தாங்கும். "அவன் சொல்லுறதும் பிழையில்லை" என்று மாஸ்ரரே எம்மிடம் ஒப்புக்கொண்டார்.

ஆயினும், அவர் உள்ளே சென்று ஒரு வெள்ளைத் துணியும் சிறு பேணியில் மெருகுப்பசையும் எடுத்துவந்தார். சாரதிப் பக்கத்துக் கதவைத் திறந்து, கதவின் உள்விளிம்பைக் காட்டி, "இதிலை ஒருக்காத் தேய்ச்சுப் பாரும்" என்றார். தம்பி மகன் தேய்த்தார். துணி கறுத்தது.

"அழுக்கு, பெரியப்பா."

"இப்பதானே கழுவினது. அழுக்கில்லை. அது உம்முடைய கொப்பர் அடிச்ச பெயின்ற்."

முற்றத்தில் எவரும் பேசவில்லை. வேப்பமரத்தில் அணிலொன்று மாத்திரம் கத்திக்கொண்டிருந்தது.

பூச்சின் வரலாறு

பின்னர் மாஸ்ரர் சொல்ல நாம் அறிந்தது இது. இறக்குமதி தளர்ந்து நல்ல பூச்சு கிடைக்கத் தொடங்கியபின், 1979 பங்குனியில், கராஜ் வேலை கற்ற அவருடைய தம்பியார் இந்த வண்டிக்குச் செலுலோஸ் பூச்சு அடித்தார். அது விசிறி அடித்தவுடன் ஆவியாகி உலரும் பூச்சு. ஒரே முறையிற் தடிப்பாய் அடிக்கலாகாது. மெல்லிய படைகளாய்ப் பலமுறை அடிக்கவேண்டும். இடையிடையே நீர் தொட்டு நுண்ணிய உப்புத்தாளால் தேய்க்கவேண்டும். காற்றில் ஈரம் கூடினால் பூச்சின்மேல் வெண்மை படரும். ஆகையால் மப்பு மூடிய நாட்களில் தம்பியார் விசிறியைத் தொடவே மாட்டாராம். நான்கு வாரம் இந்த முற்றத்திலேயே, இதே வேப்பமரத்தின் கீழ் வேலை நடந்தது. அவர் 1986இல் நாட்டைவிட்டுப் போனார். 1998இற் கனடாவிற் காலமானார். அவர் கைபட்ட வேறெதுவும் இவ்வீட்டில் எஞ்சவில்லை.

"1995 ஒக்ரோபர் கடைசியிலை வலிகாமத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து வந்தபோது, எங்கடை வீட்டிலையும் முப்பது பேர். இரண்டு குழந்தைகள் இந்த வண்டியின்ரை பின் சீற்றிலைதான் படுத்ததுகள். அப்பவும் நான் காலமை எழும்பித் துடைக்கிறனான். ஆக்கள் சிரிச்சவை" என்றார் மாஸ்ரர்.

வாசகர்கள் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். வண்டியொன்றின் பூச்சு, எல்லாப் படைகளும் சேர்ந்தாலும், பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கை ஒட்டியதே. மங்கிய பூச்சை மெருகிடும்போது நாம் ஒளியைச் சேர்ப்பதில்லை. மங்கிய மேற்படையை அரைத்து நீக்கி, அதன்கீழ் இருக்கும் புதிய படையை வெளிக்கொணர்கிறோம். கிளியர் கோட் இட்ட வண்டியிற் தேயும் படைக்கு நிறமில்லை. ஆதலின் துணி கறுப்பதில்லை. தேய்வது கண்ணுக்குத் தெரிவதுமில்லை. பழைய பூச்சிலோ ஒவ்வொரு முறையும் துணி சாட்சி சொல்கிறது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாய்த் தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சரசுவதி பூசைக்கும் ஆசையோடு மெருகிட்டு மெருகிட்டு, தம்பியின் கைவேலையைத் தாமே துணியிற் துடைத்தெடுத்து வந்ததை மாஸ்ரர் உணர்ந்தது, அந்தச் சாம்பல் வரம்பு வெளிப்பட்ட நாளிலேதான்.

"இனி மெருகு இல்லை, மெழுகு மட்டுந்தான்" என்றார்.

பிறேசில் நாட்டுப் பனை

மெழுகு மெருகுக்கு நேர் எதிரானது. மெருகு எடுக்கிறது, மெழுகு கொடுக்கிறது. நீரும் உப்பும் வெயிலும் முதலில் மெழுகைத் தின்னட்டும் என்று பூச்சுக்கு முன்னே ஒரு காவலாளியை நிறுத்துகிறோம். அவன் தேய்ந்தால் இன்னொருவனை நிறுத்தலாம்.

மாஸ்ரரின் பேணியிலிருந்த மெழுகு கார்ணூபா என்னும் மரத்திலிருந்து வருவது. அம்மரம் எதுவென்று அறிந்தபோது எமக்கு வியப்பு மேலிட்டது. அதுவும் ஒரு பனை! பிறேசில் நாட்டின் வடகிழக்கே, வறண்ட சியாரா, பியாவீ மாநிலங்களில் வளர்கிறது. நம் பனையைப் போலவே விசிறி ஓலை உடையது. கோடையில் ஈரம் ஓலையைவிட்டுப் போய்விடாதபடி, தன் ஓலைமீது தானே மெழுகு பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டி உலர்த்தி அடித்தால் மெழுகு தூளாய் உதிரும். அதை உருக்கி வடித்தெடுக்கிறார்கள். 80 பாகை செல்சியசுக்கு மேலேதான் அது உருகும், அத்துணைக் கடினமானது. ஆதலின் எண்ணெய்களோடும் வேறு மெழுகுகளோடும் கலந்தே பேணியில் அடைக்கிறார்கள். நாம் பனையைக் கற்பகதரு என்கிறோம். அந்நாட்டார் தங்கள் பனையை 'வாழ்வின் மரம்' என்கிறார்கள். வறண்ட நிலத்து மக்கள் எங்கிருந்தாலும் தங்களைக் காக்கும் மரத்துக்கு ஒரே பெயரைத்தான் இடுகிறார்கள்போலும்.

இயந்திரம் திண்ணையிற் கிடந்தது. தம்பி மகன் தமது கடிகாரத்தைக் கழற்றி, பெரியப்பாவின் மோதிரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அவருடைய பன்னிரண்டு வயது மகளும் வந்து சேர்ந்துகொண்டாள். மாஸ்ரர் இருவருக்கும் கற்பித்தார்: தகரம் சுடக்கூடாது; நிழல் வேண்டும். மெழுகை நகத்தளவு எடுத்து, முழந்துண்டு இடத்துக்கு மெல்லிதாய்ப் பரப்பவேண்டும். தடிப்பாய்ப் பூசுவதால் நன்மையில்லை. துடைக்கும் வேலைதான் கூடும். மூடுபனிபோல் வெண்மை படர்ந்ததும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்க்கவேண்டும். கோடு தெளிவாய் விழுந்தால் பதம். பின்னர் சுத்தமான பருத்தித் துணியினால், பாரம் கொடாமல், துடைத்துவிடவேண்டும்.

"இந்தச் சாம்பல் இடத்துக்கு, அப்பப்பா?" என்று சிறுமி கேட்டாள்.

"அதுக்கும் பூசு பிள்ளை. அதுவும் உன்ரை அப்பப்பா அடிச்சதுதான்."

விடைபெறும் வேளை

பதினொரு மணிக்கு வேலை முடிந்தது. வண்டி கண்ணாடிபோல் ஆகவில்லை. கூரையின் மங்கல் சற்றுக் குறைந்திருந்தது, போகவில்லை. ஆனால், ஆழ்ந்த கிணற்று நீரைப்போல் ஒரு தண்மையான ஒளி அதில் வந்திருந்தது. சிறுமி கைநிறைய நீரள்ளிப் பொனற்றின்மீது தெளித்தாள். நீர் பரவாமல், தாமரையிலையிற்போல் உருண்டு திரண்டு வழிந்தோடியது. "காவல் நிற்கிறது" என்றார் மாஸ்ரர். அத்துளிகளையும் அவர் உடனே ஒற்றியெடுத்ததைச் சொல்லவேண்டுவதில்லை.

புதுப்பூச்சு அடிப்பதைப் பற்றி என்ன முடிவு என்று கேட்டோம். "எனக்குப் பிறகு வண்டி அவனுக்குத்தான். அப்ப அவன் விரும்பினதைச் செய்யட்டும்" என்றார் மாஸ்ரர். தம்பி மகன் மறுமொழி சொல்லாமல், தம் மகளோடு துணிகளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார்.

மதியம் நாம் புறப்பட்டபோது, கழுவிய துணிகளெல்லாம் கொடியில் உலர்ந்துகொண்டிருந்தன. கறுப்புப் படிந்த அந்த ஒரு துணியை மாத்திரம் கொடியிற் காணவில்லை. அதைப்பற்றி நாம் எவரிடமும் கேட்கவுமில்லை.

வல்லை வெளியில் மீண்டும் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. கொழும்பில் எமது வீட்டு வாசலில் நிற்கும் வண்டியை எண்ணிக்கொண்டோம். அதற்கு வயது பத்துத்தான். ஆயினும், கிழமைக்கொருமுறை யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட்டு, கறை போனதா என்று மாத்திரம் பார்ப்பவர்கள் நாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இரண்டு வாளிகளோடு வாசலில் இறங்கினோம். அயலார் சிரித்தார்கள். மோதிரத்தைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டு, மேலிருந்து கீழே நீரை வார்க்கத் தொடங்கினோம்.